புல்மோட்டைக் கறுப்பு மணலும் சாயத் தண்ணீரும்: ஒரு சிறு வரலாறு



நோன்புப் பெருநாள் நெருங்கினால் நமது பள்ளிவாசல்களுக்கு வெள்ளை பூசுவது வழக்கம். முன்பு சுண்ணாம்பு அடித்தார்கள். இப்போது வாளியில் வரும் பெயின்ட். அந்தப் பெயின்டுக்கு வெண்மை கொடுப்பது தைத்தேனியம் ஈரொட்சைட்டு என்ற வெள்ளைத் தூள். காலையில் நாம் பல் விளக்கும் பற்பசை பலவற்றிலும் அதே தூள்தான். உலகம் அந்தத் தூளை எடுப்பது பெரும்பாலும் இல்மனைட், ரூட்டைல் என்ற இரண்டு கனியங்களில் இருந்து. இரண்டும் நமது மாவட்டத்தின் வடக்கு மூலையில், புல்மோட்டைக் கரையில், கறுப்பு மணலோடு மணலாகக் கிடக்கின்றன.

அந்தத் தூளுக்கு இன்னொரு குணமும் உண்டு. வெயில் பட்டால் தண்ணீரில் கலந்த சாயத்தை அது சிதைக்கும். வகுப்பில் ஊக்கி என்ற பாடத்தை நடத்தும்போது நாங்கள் இதைச் சொன்னோம். புல்மோட்டைப் பக்கத்துப் பிள்ளை ஒருவர் எழும்பிக் கேட்டார்: "சேர், மணல் நம்மட. வெயிலும் நம்மட. அப்ப ஏன் நாம அத செய்யல்ல?"

மணி அடித்துவிட்டது. கேள்வி மட்டும் எங்களோடு வீட்டுக்கு வந்தது. அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. இந்த மணலின் வரலாறு, சாயத்தின் வரலாறு, வெளிச்சத்தின் வரலாறு மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் பதில் தெளியும். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் நமது மணல்

திருகோணமலையில் இருந்து நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி, திரியாய் வழியாக வடக்கே சுமார் 50 கிலோமீற்றர் போனால் புல்மோட்டை. அரிசிமலைக் கடற்கரைக்குச் சுற்றுலா போனவர்களுக்கு அந்தப் பக்கத்து மணலின் வகைகள் தெரியும். ஓரிடத்தில் அரிசி போன்ற வெள்ளை மணல், இன்னோரிடத்தில் வெறுங்காலை வைக்க முடியாதபடி சுடும் கறுப்பு மணல். கறுப்பு மணலை ஒரு கை அள்ளினால் சாதாரண மணலைவிடப் பாரமாக இருக்கும். அந்தப் பாரத்துக்குக் காரணம் கனியங்கள்.

உள்நாட்டின் பழைய பாறைகள் பல இலட்சம் ஆண்டுகளாக உக்கி உதிர்ந்தன. ஆறுகள் அவற்றைக் கடலுக்குக் கொண்டு சேர்த்தன. கடல் அவற்றைப் புடைத்தது. நெல்லைச் சுளகில் இட்டுப் புடைக்கும்போது பதர் பறந்து மணி நிற்பதுபோல, பாரம் குறைந்த வெள்ளை மணலை அலை இழுத்துப் போக, பாரமான கறுப்பு மணல் கரையில் தங்கியது. இன்றும் வாடைக்காற்றுக் காலத்துக் கடல் அங்கே புதிதாகக் கறுப்பு மணலை ஒதுக்குகிறது. சுமார் 7 கிலோமீற்றர் நீளமுள்ள அந்தக் கரையில் சேர்ந்திருக்கும் கனிய மணலில் பத்தில் ஏழு பங்குக்கு அண்மித்தது இல்மனைட். மிச்சத்தில் ரூட்டைலும் சிர்கோனும் முக்கியமானவை. மிகச் சிறிய அளவில் மொனசைட்டும் உண்டு.

1957ஆம் ஆண்டு அரச கைத்தொழிற் கூட்டுத்தாபனச் சட்டத்தின் கீழ் இலங்கைக் கனிய மணல் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. அறுபதுகளில் புல்மோட்டையில் வேலை தொடங்கியது. ரூட்டைலையும் சிர்கோனையும் பிரிக்கும் வேலை ஒரு காலத்தில் நமது துறைமுகத்தின் சீனக்குடாப் பக்கத்தில் நடந்து, பிற்பாடு புல்மோட்டைக்கே போனது. 1992இல் கூட்டுத்தாபனம் லங்கா மினரல் சாண்ட்ஸ் லிமிட்டெட் என்ற அரச கம்பனியாக மாறியது.

அங்கே நடக்கும் வேலை கனியங்களைப் பிரிப்பது. இல்மனைட்டைப் பலமான காந்தம் இழுக்கும், ரூட்டைலை இழுக்காது. ரூட்டைல் மின்னைக் கடத்தும், சிர்கோன் கடத்தாது. இந்தச் சின்னச் சின்ன வேறுபாடுகளை வைத்து மணலை இனம் இனமாகப் பிரித்துக் குவித்துக் கப்பலேற்றுகிறார்கள். இல்மனைட்டில் பாதிக்குச் சற்று மேல் தைத்தேனியம் ஈரொட்சைட்டு. மீதி பெரும்பாலும் இரும்பு. அந்த இரும்பைக் கழற்றி வெள்ளைத் தூளை எடுக்கும் வேலை வெளிநாட்டில் நடக்கிறது. கறுப்பாகப் போனது வெள்ளையாகி, வாளியில் அடைபட்டு, விலை கூடித் திரும்பி வருகிறது.

இடையில் யுத்தம். புல்மோட்டையில் மூத்தவர்கள் பலருக்கு 1997 செப்டம்பர் நினைவிருக்கும். கரைக்கு அப்பால் நின்று இல்மனைட் ஏற்றிக்கொண்டிருந்த கோர்டியலிட்டி என்ற கப்பல் தாக்கப்பட்டது. உயிர்கள் போயின. கப்பலேற்றும் வேலையும் நீண்ட காலம் முடங்கியது. அந்த மணலோடு ஓர் ஊரின் வயிற்றுப்பாடும் கண்ணீரும் கலந்திருக்கிறது என்பதை மறந்துவிட்டு இதை வெறும் விஞ்ஞானப் பாடமாகப் பேச எங்களால் முடியாது.

அடுத்தது சாயம்

நமது மூத்தும்மாமார் பன்பாய் இழைத்த காலத்தில் பானையில் சாயம் காய்ச்சிப் பன்னை நனைத்து எடுத்ததைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மருதோன்றி அரைத்துக் கைக்குப் போடுவதும் சாயம்தான். இலை, வேர், பட்டை இவற்றில் இருந்துதான் மனிதர் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக நிறம் எடுத்தனர்.

நமது வடக்குக் கரையோர மணல் நிலங்களில் சாயவேர் என்றொரு சிறு செடி தானாகவே முளைக்கும். இம்பூறல் என்றும் சொல்வார்கள். அதன் வேரில் இருந்து நல்ல சிவப்புக் கிடைக்கும். ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தையும் மன்னாரையும் ஆண்டபோது அந்த வேரைத் தங்கள் வருமானப் பொருள்களில் ஒன்றாக வைத்திருந்தனர். அதைத் தோண்டுவதற்கென்றே ஆட்கள் இருந்தனர். சோழமண்டலக் கரையில் நெய்து உலகம் முழுக்கப் போன சிவப்புத் துணிகளின் இரகசியங்களில் அந்த வேரும் ஒன்று.

1856இல் இலண்டனில் வில்லியம் பேர்க்கின் என்ற 18 வயது மாணவர் மலேரியாவுக்கான குயினைனைச் செயற்கையாகச் செய்ய முயன்றார். குயினைன் வரவில்லை. பாத்திரத்தைக் கழுவப் போனபோது ஊதா நிறம் வந்தது. உலகின் முதலாவது பெரும் செயற்கைச் சாயத் தொழில் அப்படித்தான் பிறந்தது. மூலப்பொருள் நிலக்கரித் தார். 1869இல் அலிசரின் என்ற சிவப்பையும் செயற்கையாகச் செய்து காட்டிவிட்டார்கள். அலிசரின்தான் சாயவேரின் சிவப்புக்குள்ளும் இருந்த பொருள். சில பத்தாண்டுகளுக்குள் வேர் தோண்டுவோரின் பிழைப்பு இல்லாமல் போனது.

இன்று உலகச் சந்தையில் உள்ள சாயங்கள் பத்தாயிரத்துக்கு மேல். அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை அசோச் சாயங்கள். இரண்டு நைதரசன் அணுக்கள் கைகோத்து நிற்கும் ஒரு பிணைப்புத்தான் அவற்றின் நிறத்துக்கு அடிப்படை. ஒரு நல்ல சாயத்திடம் நாம் எதிர்பார்ப்பது என்ன? சவர்க்காரத்துக்குப் போகக்கூடாது, வெயிலுக்கு மங்கக்கூடாது, வியர்வைக்கு இளகக்கூடாது. இரசாயனவியலாளர்கள் அப்படியே செய்து கொடுத்தார்கள். துணியில் இருக்கும்போது அது நல்ல குணம். ஆற்றில் இருக்கும்போது அதுவே கேடு. பருத்தித் துணிக்குப் போடும் சாயத்தில் கணிசமான பங்கு துணியில் ஏறாமல் கழுவு நீரோடு போய்விடுகிறது. வெயிலுக்கும் பற்றீரியாவுக்கும் அசையாதபடி செய்யப்பட்ட பொருள் ஆற்றிலும் அசையாமல் கிடக்கிறது. வெளிச்சத்தை மறைக்கிறது. வெளிச்சம் இல்லாவிட்டால் நீர்ப்பாசி இல்லை. பாசி இல்லாவிட்டால் மீனின் தீனியும் ஒட்சிசனும் குறைகின்றன.

இதை ஆக அருகில் பார்க்கக்கூடிய இடம் தமிழ்நாட்டின் திருப்பூர். நமது கடைகளில் தொங்கும் ரீ-சேட்டுகளிலும் பெனியன்களிலும் அந்த ஊரின் பெயர் போட்டவை பல. திருப்பூரின் ஊடாக ஓடிக் காவிரியில் சேரும் ஆறு நொய்யல். சாயப்பட்டறைக் கழிவு அதில் விழுந்தது. விவசாயத்துக்கென்று ஒரத்துப்பாளையத்தில் ஓர் அணை கட்டி 1992இல் திறந்தார்கள். சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவும் உப்பும் தேங்கும் குளமாகிவிட்டது. அந்தத் தண்ணீரைப் பயிருக்கு விட வேண்டாம் என்று விவசாயிகளே மன்றாட வேண்டி வந்தது. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். பல ஆண்டு வழக்குகளின் பின், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700க்கு மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவையும் வெளியே விடாத ஏற்பாடு இருந்தால்தான் திறக்கலாம் என்பது நிபந்தனை. ஒரே நாளில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் அடுப்பு அணைந்தது. ஆற்றைக் கொன்றதன் கடனை அதில் சம்பாதித்தவர்களும், சம்பாதிக்காத கூலிகளும் சேர்ந்தே அடைத்தார்கள்.

சாயத் தொழிலின் பெரிய மையம் நமது மாவட்டம் அல்ல. ஆனால் மருதமுனைத் தறிச் சாரம் முதல் பெருநாள் உடுப்பு வரை நாம் உடுத்துபவை எல்லாம் ஏதோ ஓர் ஊரின் தண்ணீரில் நிறம் கழுவி வந்தவைதான். "நமக்கென்ன" என்று சொல்ல இடமில்லை.

மூன்றாவது வெளிச்சம்

1791இல் இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியில் வில்லியம் கிரெகர் என்ற பாதிரியார் ஓர் ஓடைக்கரையில் கறுப்பு மணலை அள்ளிச் சோதித்தார். காந்தம் அதை இழுத்தது. உள்ளே இரும்போடு அதுவரை யாரும் அறியாத ஓர் உலோகம் இருந்தது. நமது புல்மோட்டை மணலின் சகோதர மணல் அது. நான்கு ஆண்டுகளின் பின் ஜேர்மனியின் கிளாப்ரோத் அதே உலோகத்தை ரூட்டைலில் கண்டு, தைத்தேனியம் என்று பெயரிட்டார்.

1916 அளவில் நோர்வேயிலும் அமெரிக்காவிலும் தைத்தேனிய வெள்ளைப் பெயின்ட் தொழிலாக வளர்ந்தது. அதற்கு முன்னிருந்த ஈய வெள்ளை நஞ்சு. அதற்குப் பதிலாக வந்த இது பாதுகாப்பானது. ஆனால் ஒரு தொல்லை. வெயில் படும் சுவர்களில் பெயின்ட் சில காலத்தில் மாவாக உதிர்ந்தது. சுவரைத் தடவினால் கையில் வெள்ளை ஒட்டும். தொழிற்சாலைக்காரர்களுக்கு அது தலையிடி. விஞ்ஞானிகளுக்கு அது ஒரு கேள்வி. தூள் அப்படியே இருக்கிறது, அதைச் சுற்றியுள்ள பசை மட்டும் ஏன் அழிகிறது?

1938இல் இலண்டனில் கூடீவ், கிச்சனர் என்ற இருவர் இதை நேராகச் சோதித்தார்கள். தைத்தேனியம் ஈரொட்சைட்டோடு ஒரு சாயத்தைச் சேர்த்துக் கழியூதாக் கதிரைப் படவிட்டார்கள். சாயம் வெளுத்தது. தூள் மாறாமல் இருந்தது. சாயத்தை வெளிச்சத்தால் அழிக்கும் ஊக்கி என்ற கதை அங்கே தெளிவாகத் தொடங்குகிறது. அன்று அதை யாரும் தண்ணீரைச் சுத்தம் செய்யும் வழியாகப் பார்க்கவில்லை. பெயின்டின் குறையாகவே பார்த்தார்கள்.

மேலும் முப்பது ஆண்டுகள் கழிந்தன. 1967இல் தோக்கியோப் பல்கலைக்கழகத்தில் அக்கிரா புஜிஷிமா என்ற ஆய்வு மாணவர், தன் ஆசிரியர் கெனிச்சி ஹொண்டாவின் வழிகாட்டலில், ரூட்டைல் பளிங்கு ஒன்றை நீரில் வைத்து வெளிச்சம் பாய்ச்சினார். பளிங்கில் இருந்து வாயுக் குமிழ்கள் எழும்பின. அது ஒட்சிசன். நீர் உடைகிறது, பளிங்கு தேயவில்லை. 1972இல் இருவரும் 'நேச்சர்' சஞ்சிகையில் அதை வெளியிட்டதும் உலகம் திரும்பிப் பார்த்தது. 1976இல் கனடாவில் ஒரு குழு இதே தூளால் நீரில் இருந்த பிடிவாதமான நச்சுப் பொருளொன்றைச் சிதைத்துக் காட்டியது. 1977இல் அமெரிக்காவில் பிராங்க், பார்ட் இருவரும் நீரில் கலந்த சயனைட்டை அழித்துக் காட்டினர். பெயின்டின் குறை, தண்ணீரின் மருந்தாகத் தெரிய ஆரம்பித்தது.

உள்ளே நடப்பதைச் சாதாரண தரப் பிள்ளைக்கும் விளங்கும்படி சொல்லலாம். தூளின் ஒரு துணிக்கையில் கழியூதாக் கதிர் படுகிறது. உள்ளே இருக்கும் ஓர் இலத்திரன் துள்ளி மேலே போகிறது. அது இருந்த இடம் வெறுமையாகிறது. அந்த வெறுமைக்குத் துளை என்று பெயர். இலத்திரனைப் பறிகொடுத்த துளை, பக்கத்தில் இருக்கும் நீரிடம் ஓர் இலத்திரனைப் பறிக்கிறது. பறிகொடுத்த நீர் ஐதரொட்சில் மூலிகமாகிறது. அது கண்ணில் பட்டதையெல்லாம் பறிக்கும் மகா பசிக்காரன். சாயத்தின் நைதரசன் பிணைப்பை உடைக்கிறது, வளையங்களை உடைக்கிறது, துண்டுகளையும் உடைக்கிறது. போதிய நேரம் விட்டால் கடைசியில் மிஞ்சுவது காபனீரொட்சைட்டு, நீர், சில உப்புகள். தூள் செலவாவதில்லை. அதனால்தான் ஊக்கி என்கிறோம்.

நம் நாட்டிலும் நடந்தது

இது வெள்ளைக்காரரும் யப்பானியரும் மட்டும் செய்த வேலை என்று எண்ண வேண்டாம். கண்டி ஹந்தானையில் உள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் பேராசிரியர் கீர்த்தி தென்னக்கோன் பல ஆண்டுகள் இந்தத் தூளோடு வேலை செய்தார். இந்த முறையில் பெரிய இடைஞ்சல் ஒன்று உண்டு. தூளை நீரில் கலக்குவது இலகு, சுத்தமான பின் அந்த நுண்ணிய தூளைத் திரும்பப் பிடிப்பது கடினம். 1995இல் அவரும் அவரது குழுவினரும் வெளியிட்ட ஓர் ஆய்வில் தூளைப் பொலித்தீன் தாளில் ஒட்டவைத்து, அதனால் நீரில் இருந்த சேதன மாசுகளைச் சிதைத்துக் காட்டினர். கடையில் கிடைக்கும் பொலித்தீன், மேலே வெயில். ஓர் ஏழை நாட்டுக்குப் பொருத்தமான சிந்தனை அது. அதன் பிறகு புல்மோட்டை இல்மனைட்டில் இருந்தே நனோ அளவுத் தைத்தேனியம் ஈரொட்சைட்டை எடுக்கும் ஆய்வுகளும் இலங்கையில் நடந்துள்ளன. ஆகவே அறிவு இல்லாமல் நாம் நிற்கவில்லை.

அப்படியென்றால் ஏன் இன்னும் எல்லாச் சாயப்பட்டறையிலும் இது இல்லை? நேர்மையாகச் சொல்ல வேண்டும். சூரிய ஒளியில் இந்தத் தூளுக்குப் பயன்படும் கழியூதாப் பங்கு நூற்றுக்கு ஐந்து அளவில்தான். மீதி வெளிச்சம் வீண். சாயம் கடுமையாக இருந்தால் ஒளி நீருக்குள் ஆழமாக இறங்காது. சாயத்தைத் துணியில் ஏற்றப் போடும் உப்பும் இடையில் புகுந்து மூலிகங்களின் பசியை வீணாக்கும். திருப்பூரில் இன்று நம்பியிருப்பதும் பற்றீரியாத் தொட்டி, சவ்வு வடிகட்டி, ஆவியாக்கி முதலியவற்றைத்தான். வெளிச்ச ஊக்கி தனியாக ஓர் ஆற்றைக் காப்பாற்றாது. பற்றீரியாவால் தின்ன முடியாத மிச்சத்தை உடைக்கும் கூட்டாளியாக அது உதவலாம். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்திலும் வேலை செய்யும்படி அதை மாற்ற உலகெங்கும் முயல்கிறார்கள்.

இன்னொரு விடயம். மத்ரஸாவில் தண்ணீர்ப் பாடம் படித்த பிள்ளைக்கும் தெரியும், நீரில் நாம் பார்ப்பது மூன்று: நிறம், மணம், சுவை. சாய நீரில் நிறம் போனால் எல்லாம் போய்விட்டது என்று எண்ணக்கூடாது. அசோப் பிணைப்பு உடைந்ததும் நிறம் மறைந்துவிடும். ஆனால் உடைந்த துண்டுகளில் சில நிறமற்ற நஞ்சுகள். இடையில் நிறுத்தினால் பார்வைக்குத் தெளிந்த, உள்ளே கெட்ட தண்ணீர்தான் கிடைக்கும். "தெளிவாகத்தானே இருக்கிறது" என்ற சொல்லை யார் சொன்னாலும், அளந்து பார்த்தீர்களா என்று கேட்கப் பிள்ளைகளுக்குப் பழக்குவோம்.

ஒரே ஆண்டு, இரண்டு கடல்கள்

இப்போது அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். நாமே ஏன் செய்யவில்லை? நாமே செய்ய வேண்டும் என்ற குரல் நம் நாட்டில் பல காலமாக ஒலிக்கிறது. மண்ணாக விற்காமல் தூளாக விற்றால் வருமானமும் வேலையும் கூடும். உயர்தரம் முடித்துவிட்டுக் கட்டாருக்கும் சவூதிக்கும் விசா பார்க்கும் நமது இளைஞர்களை நினைத்தால் அந்தக் குரலில் நாங்களும் சேருவோம்.

ஆனால் சேருமுன் ஒரு வரலாற்றைச் சொல்லிவிட வேண்டும். இல்மனைட்டில் இருந்து இரும்பைக் கழற்றும் பழைய வழி, அதைக் கடும் சல்பூரிக் அமிலத்தில் கரைப்பது. தூள் ஒரு பக்கம் வரும். இரும்பும் மிச்ச அமிலமும் கலந்த கழிவு மறுபக்கம் வரும். கழிவின் அளவு தூளைவிடப் பல மடங்கு.

இத்தாலியின் ஸ்கார்லினோ என்ற இடத்தில் மொன்டெடிசன் கம்பனிக்கு அப்படி ஓர் ஆலை இருந்தது. 1972இல் அதன் கழிவைக் கப்பலில் ஏற்றிக் கோர்சிகாத் தீவுக்கு அருகில் கடலில் கொட்டத் தொடங்கினார்கள். கடல் சிவந்தது. சிவப்புச் சேறு என்றே அதற்குப் பெயர் வந்தது. கோர்சிகாவின் மீனவர்களும் ஊர் மக்களும் எழும்பினார்கள். 1973 பெப்ரவரியில் பஸ்தியா நகரில் பெரும் ஆர்ப்பாட்டம் நடந்தது. 1974இல் லிவோர்னோ நீதிமன்றம் கம்பனிப் பொறுப்பாளர்களைக் குற்றவாளிகளாகக் கண்டது. 1978இல் ஐரோப்பிய நாடுகள் தைத்தேனியம் ஈரொட்சைட்டுத் தொழிலின் கழிவுக்கென்றே தனியான ஒரு சட்டப் பணிப்புரையைக் கொண்டுவந்தன.

ஆண்டைக் கவனியுங்கள். 1972இல்தான் புஜிஷிமாவும் ஹொண்டாவும் இந்தப் பொருள் வெளிச்சத்தால் நீரோடு செய்யும் அற்புதத்தை உலகுக்குச் சொன்னார்கள். அதே ஆண்டில் அதே பொருளைச் செய்த கழிவு ஒரு கடலைச் சிவப்பாக்கியது. தண்ணீரைச் சுத்தமாக்கக்கூடிய பொருள், பிறக்கும்போதே தண்ணீரைக் கெடுத்துக்கொண்டு பிறக்க முடியும். இந்த வரலாறு நமக்குச் சொல்வது இதைத்தான்.

புல்மோட்டைக்கு வடக்கே கொக்கிளாய்க் களப்பு. தெற்கே யான் ஓயாவின் முகத்துவாரம். கரை நெடுகிலும் கரைவலை இழுக்கும், தோணி தள்ளும் குடும்பங்கள், முஸ்லிம்கள், தமிழர்கள், சிங்களவர்கள். கடல் சிவந்தால் யாருடைய வலை என்று பார்த்துச் சிவக்காது. அதேவேளை, பயந்துபோய் எதுவுமே வேண்டாம் என்றால் மணல் கறுப்பாகவே போய்க்கொண்டிருக்கும். இரண்டும் நமக்கு இழப்பு. ஐரோப்பாவில் அந்தத் தொழில் நின்றுவிடவில்லை. கழிவு அமிலத்தை மீளப் பயன்படுத்தவும் நடுநிலையாக்கவும் பழகிக்கொண்டது. மக்கள் கேட்டதால் பழகியது.

ஆகவே மகனே, உன் கேள்விக்கு எங்கள் பதில்: செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் எப்படிச் செய்வது என்பதை நாமும் அறிந்து, நாமும் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

ஊருக்குச் சில வார்த்தைகள்

நமது நாட்டில் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் இருக்கிறது. 1988இல் அது திருத்தப்பட்டபோது, குறித்த வகைப் பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயமாக்கப்பட்டது. அந்த அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். 30 நாட்களுக்குள் எவரும் கருத்து எழுதலாம். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் கையில் இருக்கிறது. இனி நமது கரைக்கு எந்த ஆலை வந்தாலும், அரசாங்கத்துடையதோ தனியாருடையதோ, பள்ளிவாசல் நிர்வாகமும் மீனவர் சங்கமும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் சேர்ந்து அந்த 30 நாட்களைத் தவறவிடாமல் இருக்க வேண்டும். இரும்பு எங்கே போகும், அமிலம் எங்கே போகும், யார் அளப்பார், அளந்ததை எந்த மொழியில் ஊருக்குச் சொல்வார் என்ற நான்கு கேள்விகளை மட்டுமாவது எழுதிக் கொடுக்க வேண்டும். ஆலை வந்த பின் கூட்டம் போட்டுக் கத்துவதைவிட, வருமுன் ஒரு தாளில் எழுதுவது பெறுமதியானது.

உயர்தர விஞ்ஞானப் பிரிவுப் பிள்ளைகளே, வைத்தியர், பொறியியலாளர் என்ற இரண்டு கதவுகளையே உங்களுக்குக் காட்டிவிட்டோம். இரசாயனவியல், கனியவியல், சுற்றாடல் விஞ்ஞானம் என்ற கதவுகளும் திறந்துதான் இருக்கின்றன. நமது மணலை அறிந்த ஒரு பிள்ளை நமது ஊரில் இருந்து வந்தால், நாளை ஒரு மேசையில் இந்த மணலைப் பற்றிப் பேசும்போது நமக்காகப் பேச ஒருவர் இருப்பார்.

வீட்டில் பாய்க்கோ துணிக்கோ சாயம் போடுபவர்கள், மிச்சச் சாயத் தண்ணீரைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள். ஒரு வாளிதானே என்று எண்ண வேண்டாம். நொய்யலும் வாளி வாளியாகத்தான் கெட்டது.

அல்லாஹ் வானத்திலிருந்து தூய நீரை இறக்கித் தருகிறான். அதைத் தூய்மையாக வைத்திருப்பது நமது அமானிதம். கறுப்பு மணலையும் வெயிலையும் நமக்குத் தந்தவன், அவற்றை நன்மையான வழியில் பயன்படுத்தும் அறிவையும், கேட்க வேண்டிய நேரத்தில் கேட்கும் தைரியத்தையும் நமது பிள்ளைகளுக்குத் தருவானாக. ஆமீன்.

புல்மோட்டை ஆலையில் வேலை செய்த மூத்தவர்களும் சீனக்குடாக் காலத்தை அறிந்தவர்களும் இதை வாசித்தால் உங்கள் நினைவுகளை எழுதுங்கள். பிழை இருந்தால் திருத்துங்கள். பிள்ளைகளுக்குச் சொல்ல எங்களுக்கு அது உதவும்.